மாப்பிள்ளைக்குப் போட்ட பாதை

"மில்லர்புரத்துல ஒரு வீடு இருக்குவே. ரெண்டு ரூம், பின்னாடி கொஞ்சம் இடம். குடும்பத்தோட வாரீரா?"

"கேட்டுச் சொல்லுறேன் சார்."

"யார்கிட்ட கேக்கணும்?"

"வீட்டுல."

"வீட்டுலன்னா, உம்ம சம்சாரத்துக்கிட்டயா?"

"சம்சாரத்துக்கிட்ட. அப்புறம் மாமிகிட்ட. மாமியோட தம்பி மஹ்மூது மாமா ஒருத்தஹ இருக்காஹ..."

"அப்ப ஊர்க்கூட்டம் போட்டுத்தான் முடிவெடுப்பீருன்னு சொல்லும்!"

மேலதிகாரி கிருபாநிதி அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தது புரட்டாசி வெயிலில். இப்போது கார்த்திகை முடியப் போகிறது. உஸாமா இன்னும் வீட்டில் கேட்டபாடில்லை.

இதில் கேட்பதற்கு என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். கட்டிய மனைவியிடம், 'வேலை மாறுது, தூத்துக்குடியில வீடு தாராங்க, கிளம்பு' என்று சொல்ல ஓர் ஆண்பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் உஸாமா காயல்பட்டினத்துக்காரன். அந்த ஊரில் கல்யாணம் ஆனால் பெண் புறப்பட்டுப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடு பெண்ணுடையது. தாய்க்குப் பின் மகளுக்கு, மகளுக்குப் பின் அவள் மகளுக்கு. உஸாமா பிறந்து வளர்ந்த வீட்டில் இப்போது அவன் தங்கையின் கணவனுக்கு மாடி அறை. இங்கே மனைவி ருமைஸாவின் வீட்டில் உஸாமாவுக்கு மாடி அறை. தலைக்கு மேல் இரண்டு கூரை இருந்தும் ஒன்றுகூட அவனுடையது இல்லை.

நல்ல வழக்கம்தான். அதை அவனே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். ஆண்கள் சவூதியிலும் துபாயிலும் வருஷக்கணக்கில் இருக்கிற ஊரில், எந்தப் பெண்ணும் மாமியார் வீட்டுச் சுவரைப் பார்த்து அழ வேண்டியதில்லை. அவன் தங்கை நிமிர்ந்து நடப்பது அந்த வீட்டினால்தான். ருமைஸா நிமிர்ந்து நடப்பதும் அப்படித்தான். அதனாலேயே அவனால் குறை சொல்ல முடியவில்லை. குறை சொல்ல முடியாத இடத்தில் மூச்சு முட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது?

அவனை அந்த வீட்டில் யாரும் ஒரு சொல் கடிந்து பேசியது கிடையாது. அதுதான் சிக்கல். படியிறங்கும்போது அவன் ஒருமுறை செருமுவான்; கீழே சிரிப்பும் பேச்சும் சட்டென்று அடங்கிவிடும். அடுப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனால் ராஹிலா மாமி பதறிப் போவாள். "ருமைஸா, மாப்பிள்ளை எழுந்து வாராஹ, என்ன வேணும்னு கேளு புள்ள!" என்று குரல் முன்னால் ஓடும். ஒரு பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறியதற்கு மஹ்மூது மாமா எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்து, அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ஆறு வயது மகள் ஜஹ்ராகூட ஒருநாள், "வாப்பா, நீங்க எப்ப உங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டாள். விருந்தாளி என்றே நினைத்துவிட்டாள் குழந்தை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

சவூதியின் ஜுபைலில் சாலையோரங்களுக்குச் செடி வைக்கிற கம்பெனியில் இருந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன் அவன் ஊர் திரும்பினான். அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் கிருபாநிதி வேலைக்கு எடுத்தார். ஊருக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரிக்கும் கடலுக்கும் நடுவில், எப்போதோ கனிம மணல் எடுத்து மூடிப் போட்ட சுரங்கம் ஒன்று கிடந்தது. குழிகளை நிரப்பி, ஓரமாகக் கொட்டி வைத்திருந்த பழைய மேல்மண்ணைத் திருப்பிப் பரப்பி, அந்த மண்ணுக்கு உரிய செடிகளை வளர்த்துவிட வேண்டும். கொழிஞ்சி, விராலி, உடை, கடல் பக்கம் அடம்பு, ராவணன் மீசை. இதுதான் வேலை. காலையில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவான். செருமாமல் நடக்கக்கூடிய ஒரே இடம் அவனுக்கு அதுதான்.

அங்கேயும் வீடு வந்து சேர்ந்தது, மாமாவின் காரில். நடுப்பகலில் அடுக்குச் சட்டியில் நெய்ச்சோறு, கறி, ஒரு இனிப்பு. "சோத்து வண்டி வருது டோய்!" என்று நாற்றுப் பண்ணை மேஸ்திரி ஜெபசெல்வி குரல் கொடுப்பாள். "மாப்பிள்ளை சார், ஒரு பீஸ் இங்கன தள்ளுங்க. உங்க மாமி கையப் பாத்தா எனக்கே ஒங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வரலாம்போல இருக்கு."

இந்த வண்டி வருகிற பாதையும் மூட வேண்டிய பாதைதான். அந்தக் காலத்தில் மணல் லாரிகளுக்காகச் சரள் கொட்டி இறுக்கியது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது. விதை விழுந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும். பாதை இருக்கிறவரை எவனாவது லாரியை உள்ளே விடுவான். அதனால் சரளை வாரி அகற்றி, ஜேசிபி வாளிப் பல்லால் குறுக்குவாட்டில் ஆழக் கிழித்து, விதை தூவி, மேலே முள் கிளைகளைப் பரப்பினார்கள். பாதையின் வாயில் பள்ளம் வெட்டி மேடு போட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது நாசமாய்ப் போன ரோடு. தெரிந்தவர்களுக்கு அது முடிந்த வேலை.

ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. கொழிஞ்சி கிழிசல் கிழிசலாகப் பச்சை காட்டியது. கார் உள்ளே வர முடியாததால், உஸாமா தினமும் பாதையின் வாய்வரை நடந்துபோய்ச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, ஓரமாகவே திரும்பி வந்தான். அந்த நடை அவனுக்குப் பிடித்திருந்தது. கையில் தன் சாப்பாட்டைத் தானே தூக்கிக்கொண்டு, தான் விதைத்த பச்சையைப் பார்த்துக்கொண்டு நடந்தான். நடக்கும்போது ருமைஸாவிடம் எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்ப்பான். 'உன் வீட்டை விட்டுரச் சொல்லலை. ரெண்டு வருஷம்தான். அங்க ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியை மூடிச் செடி வைக்கிற வேலை...' பாதி வழியில் வார்த்தை தீர்ந்துவிடும்.

காரோட்டி இந்த நடையை வீட்டில் போய்ச் சொன்னான். "ரோடு ஒடைஞ்சு கெடக்கு. சார் உச்சி வெயில்ல நடந்து வந்து சட்டியத் தூக்கிட்டுப் போறாஹ." மாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. "எங்கட மாப்பிள்ளை சட்டி தூக்குறாஹளா?" என்று தம்பிக்குப் போன் போட்டாள். மஹ்மூது மாமா பேசுகிற ஆள் இல்லை, செய்கிற ஆள்.

ஞாயிற்றுக்கிழமை சைட்டுக்கு விடுமுறை. அன்று வீட்டில் காரணம் சொல்லாமல் ஒரு விருந்து. உறவெல்லாம் வந்து உஸாமாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. சாப்பாட்டுக்கு மேல் சாப்பாடு. மாமா மட்டும் லேட்டாக, செருப்பில் செம்மண்ணோடு வந்தார். ருமைஸா கண்ணில் ஏதோ குறும்பு. "என்ன விசேஷம்?" என்று கேட்டான். "நாளைக்குத் தெரியும் மச்சான்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் தெரிந்தது.

பள்ளம் இல்லை. மேடு இல்லை. முள் கிளைகள் ஒரு பக்கம் அழகாகக் குவிக்கப்பட்டிருந்தன. நடுவில் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு பாதை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. உஸாமா பைக்கிலிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஜேசிபி டிரைவர் ஜாய்சன் பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தான். "எப்பிடி அண்ணாச்சி? நேத்து கோயிலுக்குக்கூடப் போகலை. எங்கம்மா ஏசுன ஏச்சு காதுல இன்னும் நிக்கி. ஒங்க மாமா சொன்னாவ, மாப்பிள்ளைக்குச் சோறு போற பாதை, ஒரு குலுக்கல் இருக்கப்படாதுன்னு. சரள்கூட அவ்வொளே ரெண்டு லோடு கொண்டாந்தாவ. ரெண்டு தடவ ஏறி எறங்கி இறுக்கிட்டேன்."

"ஜாய்சா, இதக் கிழிச்சது யாரு?"

"நான்தான்."

"எதுக்குக் கிழிச்சோம்?"

"செடி மொளைக்க." ஜாய்சனின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "ஒங்க வீட்டு ஆளு வந்து சொல்லும்போது, நீங்கதான் மனசு மாறிட்டியளோன்னு..."

ஜெபசெல்வி குத்துக்காலிட்டு உட்கார்ந்து சரளை விலக்கினாள். ஒரு கொழிஞ்சிச் செடி தட்டையாக நசுங்கி வந்தது. "ஏலே, ஒன் மண்டைக்குள்ள மூளை இருக்கா, டீசல் இருக்கா? கேக்கதுக்கு ஒரு போன் இல்லியாலே ஒங்கிட்ட?"

"விடுங்க அக்கா" என்றான் உஸாமா. அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அன்பாகச் செய்திருக்கிறார்கள். செலவழித்து, விருந்து வைத்து, ஒளித்து வைத்துச் செய்திருக்கிறார்கள்.

பகலில் கிருபாநிதி வந்தார். காரை விட்டு இறங்கி, பாதையையும் உஸாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருவே பண்ணினது?"

ஜெபசெல்வி வாயைத் திறந்தாள். உஸாமா முந்திக்கொண்டான். "நான் ஒரு காவல் போட்டிருக்கணும் சார். என் பொறுப்புதான்." மாமாவின் பெயரைச் சொன்னால் அது புகாராகும், வழக்காகும். மூடிய சுரங்கத்துக்குள் பாதை போட்டது சின்னக் குற்றமில்லை.

கிருபாநிதி சரளைக் காலால் கிளறிவிட்டு நிமிர்ந்தார். "குழிப் பக்கமெல்லாம் பார்த்தேன். நல்லாப் பண்ணியிருக்கீரு. அதனால இத மேல சொல்லாம இருக்கேன். கடல்ல ஒரு காத்தழுத்தத் தாழ்வு இருக்குன்னு நியூஸ்ல சொல்லுதான். அந்த மழைக்குள்ள மறுபடி கிழிச்சு வெதைச்சிரும். அத விட்டா அடுத்த ஐப்பசிதான்." காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார். "மில்லர்புரம் வீட்டை வேற ஆளும் கேக்கான். நாளை மத்தியானம் போன் போடுதேன். உண்டு, இல்ல, ஒண்ணு சொல்லும். ஊர்க்கூட்டம் இன்னுமா முடியல?"

அன்று சாயங்காலம் வீடே அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது. தட்டில் இனிப்புக்கு வட்டலப்பம் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மாமி கேட்டாள்.

"மாப்பிள்ளைக்குப் பாதை புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு மாமி."

"அல்ஹம்துலில்லாஹ்! இனிமே வண்டி உங்க காலடிக்கே வந்துரும்."

உஸாமா வட்டலப்பத்தை விழுங்கினான். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மாமி அழுது படுத்துவிடுவாள். மாமா வந்து கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாப்பிள்ளை மனம் நோக நடந்துகொண்டார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சாகும். அதற்குப் பிறகு மில்லர்புரம் என்று வாயைத் திறந்தால், கோபித்துக்கொண்டு போனான் என்றுதான் முடிவு கட்டுவார்கள். சொல்லாவிட்டால், இந்தக் காலடிக்கு வரும் சோற்றை ஆயுளுக்கும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சுவரெல்லாம் வெல்லத்தால் கட்டியது.

மாடியில் ருமைஸா தலையணை உறை மாற்றிக்கொண்டே பேசினாள். "அடுத்த மனையில ஜஹ்ராவுக்கு ஒரு வீட்டுக்கு இப்பவே அஸ்திவாரம் போட்டுறலாம்னு மாமா சொன்னாஹ. நீங்க என்ன சொல்லுறீங்க மச்சான்?"

ஜஹ்ராவுக்கு ஆறு வயது. அவளுக்கு வரப்போகும் எவனோ ஒருவனுக்கு மாடி அறை எந்தப் பக்கம் என்றுகூட மாமா முடிவு செய்திருப்பார். உஸாமாவுக்கு அந்த முகம் தெரியாத பையனை நினைத்து இரக்கமாக இருந்தது.

"மாமா இஷ்டம்" என்றான்.

"உங்க இஷ்டம் என்ன?"

'சொல், இப்போது சொல்' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கீழே மாமி யாரிடமோ போனில், "எங்க மாப்பிள்ளைக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என்ன இஷ்டம். தூங்கு புள்ள."

மறுநாள் காலையிலிருந்தே ஜாய்சன் பாதையைக் கிழிக்கத் தொடங்கினான். குற்ற உணர்ச்சியில் டீக்குக்கூட இறங்கவில்லை. அவனுக்குப் பின்னால் உஸாமாவும் ஜெபசெல்வியும் மற்றப் பெண்களும் விதையும் மணலும் கலந்து தூவிக்கொண்டே வந்தார்கள். கிழக்கே வானம் கறுத்திருந்தது. காற்றில் ஈரம். உஸாமா அடிக்கடி போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

நடுப்பகலில் மாமாவின் கார் பாதை வாயில் வந்து நின்றது. காரோட்டி இறங்கவில்லை. பின்கதவு திறந்து ருமைஸா இறங்கினாள். கறுப்பு பர்தாவின் ஓரத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிழித்த மண்ணில் கால் புதையப் புதைய நடந்து வந்தாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் இங்கே வந்ததே இல்லை. சாப்பாடு மட்டும்தான் வந்தது.

"பாதையை மறுபடி யாரோ உடைக்கிறாங்கன்னு, இந்தப் பக்கமா வந்த டிரைவர் காலையிலயே பார்த்துட்டு ஓடி வந்தாரு. மாமா போலீசுக்குப் போறேன்னு நிக்கிறாஹ. நான் பார்த்துட்டு வாரேன்னு சொல்லி வந்தேன். யாரு மச்சான் இது?"

"நான்தான்."

"நீங்களா? நேத்து புடிச்சிருக்குன்னு சொன்னீங்களே!"

அவன் வாயைத் திறப்பதற்குள் ஜெபசெல்வி இடுப்பில் கூடையோடு வந்துவிட்டாள். "புடிக்காம என்ன மைனி! ஒங்க மாமா புண்ணியத்துல மழைக்காலம் முழுக்கப் பாத்த வேலை ஒரே நாளுல மண்ணாப் போச்சு. நேத்துலேருந்து இவ்வொ வாயே தொறக்கல. ஒரு ஏச்சு ஏசிருந்தாலும் எங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும்." நசுங்கிய செடி ஒன்றை ருமைஸாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "வாங்களா, அந்தப் பக்கம் பாப்போம்" என்று மற்றப் பெண்களைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ருமைஸா கையிலிருந்ததைப் பார்த்தாள். கிழித்த மண்ணைப் பார்த்தாள். தொலைவில் நிரம்பிய குழிகளின் மேல் இடுப்பளவு நின்ற விராலிப் புதர்களைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையே எனக்கு இது தெரியும்" என்றாள் மெதுவாக. "உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். பாதைன்னா நல்லதுன்னுதானே நினைச்சோம். ஏன் மச்சான் சொல்லலை?"

"மாமி மனசு கஷ்டப்படும்."

"உம்மா ரெண்டு நாள் அழுவாங்க. மூணாம் நாள் அழுதுக்கிட்டே மீன் பொரிப்பாங்க. அவ்வளவுதானே?" அவள் குரல் உயர்ந்தது. "உங்களுக்கு முகம் வாடிருமோன்னு நாங்க பேச்சைக் குறைச்சு, சிரிப்பைக் குறைச்சு நடக்குறோம். நீங்க எங்களுக்காக வாயைக் கட்டிக்கிட்டு நடக்குறீங்க. இப்படிப் பயந்து பயந்தே எத்தனை வருஷம் குடித்தனம் பண்ண?"

ருமைஸா அவன் கூடையிலிருந்து ஒரு கை விதை அள்ளினாள். எப்படித் தூவுவது என்று தெரியாமல் கோழிக்குத் தீனி போடுவதுபோல் வீசினாள். காற்று அதில் பாதியை அவள் முகத்திலேயே திருப்பி அடித்தது. உஸாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடி அறைக்கு வெளியே அவள் முன்னால் அவன் இப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை.

"காத்துக்கு முதுகு காட்டி நில்லு. குனிஞ்சு, தாழ்வா விடு."

அவள் குனிந்து தூவினாள். இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கிழிசலில் நடந்தார்கள். சிறிது தூரம் போனதும் அவள் நிமிராமலே கேட்டாள். "இதை மட்டும்தான் மறைச்சீங்களா? வேற எதுவும் இருக்கா?"

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். கிருபாநிதி. எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. உடனே மறுபடி தொடங்கியது.

"யாரு மச்சான்? எடுங்களேன்."

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். அப்புறம்தான் எடுக்க முடியும்."

"கேளுங்க."

கேட்டான். ஜாய்சன் அந்த நேரம் பார்த்து வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து, கல்லில் மாட்டிய வாளியை எஞ்சின் இரைய இழுத்துக்கொண்டிருந்தான். ருமைஸா காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையசைத்தாள்.

உஸாமா இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். அவள் அருகில் வந்து முகத்தைச் சுளித்தாள். "ஒண்ணும் கேக்கலை மச்சான்! கத்துங்க!"

கத்துவதா? கல்யாணமான ஒன்பது வருஷமாக வீட்டில் செருமலைத் தவிர வேறு சத்தம் அறியாத தொண்டை அது. கூடையைக் கீழே வைத்தான். கிழித்த மண்ணில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தான். அவர்கள் ஏதோ பேசுகிறார்கள் என்று கண்ட ஜாய்சன், மரியாதைக்காக அந்தக் கணத்தில்தான் வண்டியை நிறுத்தினான்.

ஜெபசெல்வியும் பெண்களும் திரும்பிப் பார்க்க, பாதை வாயில் நின்ற காரோட்டி எட்டிப் பார்க்க, தேரி முழுக்க அவன் குரல் ஓடியது.

"மில்லர்புரத்துல ஒரு வீடு தாராங்க, ருமைஸா! நீயும் ஜஹ்ராவும் என்கூட வந்து இருங்க!"